திட்டு வாங்கிய தவளை

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், ஓர் ஏரி இருந்தது. ஏரி என்றதும் வெறும் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. அது ஓர் ஊர். கரையில் வளை தோண்டி வாழும் முயல்கள், நாணலுக்குள் கூடு வைத்த நீர்க்கோழிகள், மரத்துக்கு மரம் தாவும் அணில்கள், சேற்றில் ஊறும் எருமை, இவர்கள் அனைவருக்கும் தலைவராக ஒரு கொக்கு. ஓர் ஊரில் என்னென்ன சண்டை சச்சரவு உண்டோ அத்தனையும் அங்கேயும் உண்டு.

அந்த ஊருக்கு ஒரு கோடை விடுமுறை இருந்தது. சித்திரை பிறந்து வெயில் ஏறினால் ஏரித் தண்ணீர் இறங்கும். இறங்க இறங்க, நடு ஏரியில் ஒரு மணல்திட்டு தலை தூக்கும். திட்டு தெரிய வேண்டியதுதான் தாமதம், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பறக்கத் தெரிந்தவர்கள் பறந்து போவார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்திப் போவார்கள். இரண்டும் தெரியாத முயலும் எலியும் அணிலும் எருமையின் முதுகில் ஏறிக்கொள்வார்கள். அங்கே போய் மணலில் புரளுவதும், காற்று வாங்கித் தூங்குவதும், கொண்டு போனதைப் பங்கிட்டுத் தின்பதுமாகப் பொழுது போகும்.

விடுமுறைக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. சித்திரை பிறந்ததிலிருந்து விடுமுறை முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. மீன்களும் பூச்சிகளும் அந்தக் கட்டுப்பாட்டைப் போட்ட கூட்டத்துக்கு வரவில்லை. ஆகையால் அவர்கள் அதில் சேர்த்தி இல்லை. கூட்டத்துக்குப் போகாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்த வருஷம் சித்திரை பிறந்தது, வெயில்தான் பிறக்கவில்லை. கோடை மழை பிடித்துக்கொண்டது. காலையில் கொஞ்சம் வெளுக்கும், பிற்பகலில் கொட்டும். தண்ணீர் இறங்குவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. திட்டு இருக்க வேண்டிய இடத்தில் அல்லி இலைகள் மிதந்தன.

விடுமுறைக்கு ஆக வேண்டியதையெல்லாம் பார்ப்பவள் பரிமளம் என்ற நீர்க்கோழி. அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. இலந்தைப் பழத்தைப் பாறையில் காய வைப்பாள். மழை வரும், ஓடி வந்து அள்ளுவாள். வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி பரப்புவாள். மறுபடி மழை வரும். கடைசியில் பழமெல்லாம் புளித்து நுரை கட்டிப் போயிற்று. அதைத் தின்ற அணில் ஒருவன் சாயங்காலம் முழுவதும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

தும்பை என்ற முயலின் பாடுதான் பரிதாபம். அவள் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். வளைக்குள் கால் வைத்தால் ஈரம், கை வைத்தால் ஈரம். குட்டிகள் ஒன்று மாற்றி ஒன்று இருமிக்கொண்டிருந்தன. எப்படியாவது திட்டுக்குக் கொண்டு போய்ச் சூடான மணலில் படுக்க வைத்துவிட்டால் பிழைத்துவிடும் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி நம் மத்தளத்துக்கு வருவோம். மத்தளம் ஒரு தவளை. குரலைக் கேட்டு ஊரார் வைத்த பெயர் அது. ஆள் உள்ளங்கை அளவு, சத்தம் ஏரி அளவு. மழை வருவதற்கு முன்னால் அவனுக்கு முதுகு அரிக்கும். முதுகு அரித்தால் தொண்டை உப்பும். தொண்டை உப்பினால் கத்தாமல் இருக்க முடியாது. அவன் அப்பனுக்கும் அப்படித்தான், பாட்டனுக்கும் அப்படித்தான். இதில் வித்தை ஒன்றும் இல்லை.

ஊரில் அவனுக்கு மரியாதையும் இல்லை. எருமை போகிற போக்கில் அவன்மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகும். கூட்டத்தில் பேச எழுந்தால், சும்மா கத்தாதே உட்கார் என்பார்கள். கொக்கோ, விடுமுறை எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பார்வையில் மத்தளத்துக்குப் பாதி உயிர் போய்விடும்.

ஒருநாள் பழம் மறுபடியும் நனைந்தபோது, பரிமளத்துக்கு ஒரு யோசனை பொறி தட்டியது. நேற்று இவன் கத்தினான், மழை வந்தது. முந்தாநாளும் கத்தினான், மழை வந்தது. இன்றைக்கும் இவன் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்தில் வானம் திறந்துகொண்டது. அப்படியானால் மழையைக் கூப்பிடுவது யார்? அவள் நாணல் முழுவதும் ஓடி இதைச் சொன்னாள். நாணலிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து மரத்துக்கும் செய்தி பரவியது. கொக்கின் காதுக்கு எட்டியபோது அது சந்தேகமே இல்லாத உண்மையாகிவிட்டிருந்தது.

கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். ஒரு காரியத்தில் அவர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டால் அப்புறம் பேச்சுக்கு இடமில்லை. உடனே கூட்டம் கூட்டி மத்தளத்தை வரச் சொன்னார்.

மத்தளம் நடுங்கிக்கொண்டே வந்தான். கட்டுப்பாட்டை உடைத்து இன்றைக்கே தன்னைத் தீர்த்துவிடுவார்களோ என்று பயம். ஊரார் குற்றத்தைச் சொன்னார்கள். நான் கத்துவதால் மழை வரவில்லை, மழை வருவதால்தான் நான் கத்துகிறேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். சொல் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கொக்கு தன் நீண்ட கழுத்தை அவன் முன்னால் தாழ்த்தினார்.

"மத்தளம் ஐயா, உங்களிடம் இவ்வளவு பெரிய சங்கதி இருப்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. ஊர் விடுமுறை உங்கள் கையில் இருக்கிறது. மனம் வைத்துக் கொஞ்ச நாள் கத்தாமல் இருக்க வேண்டும்."

ஐயா என்ற அந்த ஒரு சொல் மத்தளத்தின் காதில் விழுந்து, வயிற்றில் போய்க் குளிர்ச்சியாக உட்கார்ந்துகொண்டது. பிறந்தது முதல் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாக்கின் நுனிக்கு வந்த உண்மையை அப்படியே விழுங்கிவிட்டான். ஈயை விழுங்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

"பார்க்கலாம்," என்றான், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. "நான் ஒரு வார்த்தை சொன்னால் மேகம் கேட்கும். சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும்."

தெம்புக்கு என்ன வேண்டும் என்று பரிமளம் கேட்டாள். ஈசல் என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்று ஒரு பழமொழி உண்டு. கத்திக் கெட்டுப் போன தவளையைப் பற்றிய பழமொழி அது. நம் தவளை கத்தாமல் கெட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, மறுநாள் மழை நின்றுபோயிற்று. மழை இல்லை, ஆகவே அரிப்பு இல்லை. அரிப்பு இல்லை, ஆகவே கத்தல் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஊர் மத்தளத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

மத்தளத்துக்கும் தலைகால் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. தின்பதற்காக வாயைத் திறந்தால் அது கணக்கில் வராது என்று கூட்டத்தில் முடிவே செய்திருந்தார்கள். தும்பை தினமும் ஓர் அல்லி இலையைக் கிள்ளி வந்து, வெயில் படாமல் அவன் தலைக்குமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னால்தான் என் குட்டிகள் பிழைக்கப் போகின்றன என்பாள். மத்தளம் இருக்கட்டும் இருக்கட்டும் என்று கையை ஆட்டுவான். நாளாக ஆக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே மழை தன் பேச்சைக் கேட்கிறதோ என்று. தனியாக இருக்கும்போது ஒருநாள் ஒரு சின்ன மேகத்தைப் பார்த்து முறைத்துப் பார்த்தான். அது நகர்ந்து போயிற்று. மேகம் என்றால் நகரத்தான் செய்யும். ஆனால் அவன் அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே திரிந்தான்.

திட்டு வெளியே வந்தது. ஊர் கிளம்பியது. கருப்பாயி என்ற அந்த எருமையின் இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் மத்தளத்தை உட்கார வைத்தார்கள். பின்னால் தும்பையும் குட்டிகளும், அவர்களுக்குப் பின்னால் எலிகளும் அணில்களும். கருப்பாயிக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஓர் அடி வைப்பாள், நின்று மூச்சு விடுவாள், அடுத்த அடியைப் பற்றி யோசிப்பாள். எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள்.

மணல் கதகதவென்று இருந்தது. தும்பையின் குட்டிகள் மணலில் குழி பறித்துப் படுத்தன. கொஞ்ச நேரத்தில் இருமல் சத்தமே இல்லை. தும்பை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், மறுபடி கேட்டாள், அப்புறம் சந்தோஷத்தில் அழுதாள். பரிமளம் பழத்தைப் பங்கிடத் தொடங்கினாள். மத்தளத்துக்கு நடு இடத்தில் மணல் மேடு போட்டு, அதன்மேல் இலை விரித்திருந்தார்கள். அவன் ஏறி உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் அவனுக்கு முதுகு அரித்தது.

மணல் குத்துகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டான். இலையில் முதுகைத் தேய்த்தான். அரிப்பு அடங்கவில்லை. கழுத்துக்கு ஏறியது, காலுக்கு இறங்கியது. இப்படி ஓர் அரிப்பை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. வானம் என்னவோ நீலமாகத்தான் இருந்தது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவன் தோலுக்குத் தெரியும். மலையில் பெருமழை பெய்தால் ஓடை பெருகும். ஓடை பெருகினால் ஏரி ஏறும். ஏரி ஏறினால் இந்தத் திட்டு இருந்த இடம் தெரியாது. அதன்மேல் இருக்கும் முயலுக்கும் எலிக்கும் நீந்தத் தெரியாது. வெள்ளம் வந்த பிறகு கருப்பாயியாலும் அவர்களைச் சுமந்து கரை சேர்க்க முடியாது.

கத்தினால் இத்தனை நாள் மரியாதையும் போய்விடும். கத்தாவிட்டால் தும்பையின் குட்டிகள் போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நம் மத்தளத்தின் விஷயத்தில் அன்று அப்படியே பலித்தது.

முதலில் அவன் மரியாதையைத்தான் காப்பாற்றப் பார்த்தான், மறைப்பானேன். ஈசலை வாய் நிறைய அடைத்துக்கொண்டான். தொண்டை அதற்குள் உப்பிவிட்டது. ஈசலோடு சேர்ந்து சத்தமும் வெளியே வந்தது. ஏரியின் நான்கு கரையும் அதிர்ந்தன.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மலையைப் பார்த்தார்கள். மலை உச்சியில் கறுப்பாக ஒரு மேகம் அப்போதுதான் தலை நீட்டியது.

"ஐயா, வாயை மூடுங்கள்," என்றார் கொக்கு.

"அந்த மேகத்தை நான் கூப்பிடவில்லை," என்றான் மத்தளம். "எந்த மேகத்தையும் நான் கூப்பிட்டதில்லை. மழை வருவதற்கு முன்னால் எனக்கு முதுகு அரிக்கும், அரித்தால் கத்துவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் நான் சொன்ன பொய். மலையில் பெய்துகொண்டிருக்கிறது. வெள்ளம் வரப் போகிறது. கரைக்குப் போய்விடுங்கள்."

ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கொக்கு சிரித்தார்.

"கேட்டீர்களா? இவ்வளவு சக்தி இருந்தும் எவ்வளவு அடக்கம். நிறைகுடம் தளும்பாது என்று சும்மாவா சொன்னார்கள்?"

ஐயாவுக்கு ஈசல் பற்றவில்லை, அதுதான் கோபம் என்று பரிமளம் அபிப்பிராயப்பட்டு, ஓடிப் போய் இன்னொரு இலை நிறையக் கொண்டுவந்தாள். மத்தளம் தலையில் அடித்துக்கொண்டான். பொய் என்றான், சத்தியம் என்றான், அப்பன் பாட்டன் கதையெல்லாம் சொன்னான். யாரும் நகரவில்லை. இவன் வாயை மூடினால் மழை நின்றுவிடப் போகிறது, அதற்கு எதற்காக விடுமுறையை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தானே. கடைசியில் கொக்கு, மன்னிக்க வேண்டும் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தன் அலகால் அவன் வாயைப் பிடித்து மூடினார். அந்த அலகுக்குள் எத்தனையோ தவளைகள் போயிருக்கின்றன. மத்தளம் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கண்ணை மூடியபோது பக்கத்தில் குட்டிகள் தூங்கும் மூச்சுச் சத்தம் கேட்டது. அவனுக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால் இவர்கள் நகரப் போவதில்லை. பொய் சொன்னால்தான் நகருவார்கள். சரி, பொய்யே சொல்லுவோம், ஆனால் இந்தத் தடவை ஐயா பட்டத்துக்காக அல்ல என்று முடிவு செய்தான். அலகிலிருந்து வழுக்கி, ஒரே தாவாகக் கருப்பாயியின் தலைமேல் போய் நின்றான்.

"நீங்கள் கெட்டிக்காரர்கள், உண்மையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்," என்றான். "மழை என்னுடையதுதான். இப்போது கேளுங்கள். இந்தத் திட்டு முழுவதும் எனக்கு மட்டும் வேண்டும். ஓர் எலிகூட இங்கே இருக்கக் கூடாது. கருப்பாயி உங்களைக் கரையேற்றும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதற்கு மேலும் யாராவது நின்றால், வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற மாதிரி கத்துவேன்."

கொக்கின் முகம் மாறிவிட்டது. ஐயா போய் நீ வந்தது.

"உன்னை விழுங்கிவிட்டால் காரியம் முடிந்தது. கட்டுப்பாடாவது ஒன்றாவது."

"தாராளமாக விழுங்குங்கள். உங்கள் வயிற்றுக்குள் உட்கார்ந்து கத்துவேன். அப்புறம் நீங்கள் போகிற இடமெல்லாம் மழைதான். ஆயுசுக்கும் சிறகு உலராது."

கொக்கு திறந்த அலகை மூடிக்கொண்டார். விடுமுறை முடியட்டும், உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். மத்தளம் எருமையின் தலையிலிருந்து மணல் மேட்டுக்குத் தாவி இறங்கினான்.

ஊர் கிளம்பியது. கிளம்பிக்கொண்டே திட்டியது. தின்ற ஈசல் செரிக்காமல் போக என்றது, நன்றி கெட்டவன் என்றது, குட்டையில் கிடந்தவனைக் கோபுரத்தில் வைத்தால் இப்படித்தான் என்றது. உட்காரவும் திட்டு, கேட்கவும் திட்டு. வேறெதுவும் மத்தளத்துக்கு மிச்சமில்லை. தும்பை மட்டும் திட்டவில்லை. தூங்கும் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எருமையின் முதுகில் ஏற்றினாள். குட்டிகள் விழித்துக்கொண்டு சிணுங்கின. அவள் போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஊரார் திட்டியதைவிட அந்தப் பார்வை அவனுக்கு அதிகமாக வலித்தது.

கருப்பாயி தன் வழக்கப்படி ஓர் அடி வைத்தாள், மூச்சு விட்டாள், யோசித்தாள். எருமைமேல் மழை பெய்தால் என்ன, ஊரார் வசவு பெய்தால் என்ன, அவள் நடை அவளுக்கு. சீக்கிரம் போ என்று கத்த வேண்டும் போல் மத்தளத்துக்குத் துடித்தது. கத்தினால் எல்லோரும் திரும்பி வந்து வாயை மூடுவார்கள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கன்னம் புடைக்க, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தான். கருப்பாயியின் முன்கால் கரையில் பட்டது, பின்கால் பட்டது. அவன் கையை எடுத்தான். அப்போது அவன் கத்திய கத்தலை அந்த ஏரி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அதே சமயம் ஓடை இரைந்துகொண்டு வந்தது. செந்தண்ணீர் சுழித்துப் பாய்ந்து, பழத்தையும் இலையையும் மணல் மேட்டையும் வாரிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு திட்டு இருந்ததற்கு அடையாளமே இல்லை. பின்னாலேயே மழையும் பிடித்துக்கொண்டது.

பாவி சொன்னபடியே செய்துவிட்டானே என்று கரையில் நின்று ஊரார் வயிறு எரிந்தார்கள். திட்டே போய்விட்டதால் விடுமுறையும் முடிந்தது என்று கொக்கு அந்த மழையிலேயே அறிவித்தார். விடுமுறை முடிந்தால் கட்டுப்பாடும் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மத்தளத்துக்கு மிக நன்றாகவே தெரியும்.

அவன் வெள்ளத்தில் நீந்தி, ஆளில்லாத பக்கமாகக் கரையேறினான். அந்தப் பக்கம் ஒரு நாவல் மரத்து வேருக்கடியில் தும்பை தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு ஒதுங்கியிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் ஓடவில்லை.

"ஒன்று கேட்கிறேன், சொல்," என்றாள். "திட்டு வேண்டும் என்று எங்களை விரட்டினாய். மழையைக் கொண்டுவந்து அந்தத் திட்டையே மூழ்கடித்துவிட்டாய். அப்படியானால் எதற்காக விரட்டினாய்?"

மத்தளம் எல்லாவற்றையும் சொன்னான். முதுகு அரிப்பதைச் சொன்னான். கொக்கு ஐயா என்று கூப்பிட்டதைச் சொன்னான். அன்றைக்கு அந்தச் சொல் எவ்வளவு இனித்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். தும்பை கேட்டுக்கொண்டே இருந்தாள். மடியில் ஒரு குட்டி இருமியது. அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே அவள் பேசினாள்.

"இதை முதல் நாள் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே. நீ கத்தினால் பரிமளம் பழத்தை முன்னாலேயே அள்ளியிருப்பாள். நான் குட்டிகளை நனையாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். உன் சத்தத்துக்கு ஊரே காது கொடுத்துக் காத்திருக்குமே, மத்தளம். எல்லோரும் உன்னை உண்மையாகவே ஐயா என்று கூப்பிட்டிருப்போமே."

மத்தளம் வாயைத் திறந்தான். அதற்குள் நாணலுக்குள் கொக்கு ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. அவன் மெல்லத் தண்ணீரில் இறங்கி, யாருக்கும் தெரியாத ஒரு குட்டையைத் தேடிக்கொண்டு போனான்.

நீதி: பொய்யால் வந்த பெருமை, மெய் சொல்ல வேண்டிய நாளில் வாயை அடைத்துவிடும்.